கேன் திறக்கும் முன்: கார் ஏசி கேஸ் பற்றிச் சில குறிப்புகள்

சித்திரை பிறந்துவிட்டால் கார் ஏசி பட்டறைகளில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. "கூலிங் கம்மியா இருக்குண்ணே, கொஞ்சம் கேஸ் அடிச்சு விடுங்க" என்று சாவியைக் கொடுப்பார்கள். மெக்கானிக் ஒரு சின்ன கேனை எடுப்பார், அதன் தலையில் துளைக்கும் டேப்பைத் திருகுவார், ஹோஸை மாட்டுவார், கால் மணி நேரத்தில் வண்டியை அனுப்பிவிடுவார். கேன் நல்ல பொருள்தான். அளவும் காரணமும் தெரியாமல் அதைத் திறப்பதுதான் தவறு.

*

ஏசி கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. கம்ப்ரஸர் அமுக்குகிறது, கண்டன்ஸரில் திரவமாகிறது, எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டி கூலிங் காயிலில் ஆவியாகிறது, திரும்பவும் கம்ப்ரஸருக்கே வருகிறது. மூடிய சுற்று. ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஷாஃப்ட் சீல் வழியாகவும் ஆண்டுக்குச் சில கிராம் கசியும், அது இயல்பு. போன கோடையில் அடித்த கேஸ் இந்தக் கோடைக்கு இல்லை என்றால் எங்கோ லீக் இருக்கிறது. ஓ-ரிங், சர்வீஸ் போர்ட்டின் ஊசி வால்வு, கல் பட்ட கண்டன்ஸர், அரித்துப்போன கூலிங் காயில் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

*

கூலிங் குறைந்தாலே கேஸ் போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம். கண்டன்ஸர் ஃபேன் சுற்றாமல் இருக்கலாம். கண்டன்ஸரின் இடுக்குகளில் மண் படிந்திருக்கலாம். கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்காமல் இருக்கலாம். இதையெல்லாம் பார்க்காமல் கேனைத் தொடக் கூடாது.

*

நம் கடைகளில் கிடைக்கும் ஆர்-134ஏ என்ற ஏசி கேஸின் கேன் பெரும்பாலும் 450 கிராம். அமெரிக்காவில் வீட்டிலேயே கேஸ் ஏற்றுகிறவர்கள் வாங்குவது 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம். பல சிறிய கார்களின் மொத்தக் கொள்ளளவே 350 முதல் 500 கிராம்தான். சரியான அளவும் ஆயிலின் வகையும் பானெட்டுக்குள் ஒட்டிய ஸ்டிக்கரில் அச்சாகியிருக்கும். வேலை தொடங்க வேண்டியது அந்த ஸ்டிக்கரிலிருந்து.

*

டேப் மாட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கைப்பிடியை இடப்பக்கம் கடைசிவரை திருப்பி, ஊசியை மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும். பிறகு டேப்பைக் கேனின் மரையில் ஏற்றி, ரப்பர் வாஷர் படியும்வரை கையாலேயே இறுக்க வேண்டும். மஞ்சள் ஹோஸை மாட்டி, அழுத்தம் காட்டும் கேஜ் செட்டின் இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதைப் பார்த்த பிறகு, கைப்பிடியை வலப்பக்கம் திருப்பினால் ஊசி தகட்டைத் துளைக்கும். அந்த நேரத்தில் கேஸ் வராது. துளையை ஊசியே அடைத்துக்கொண்டிருக்கிறது. மறுபடி இடப்பக்கம் திருப்பினால்தான் வரும். ஊசி கீழே நீட்டிக்கொண்டிருக்கும்போதே டேப்பைத் திருகுகிறவர்களுக்கு, வாஷர் படிவதற்குள் தகடு கிழிந்து கை உறைந்துவிடும்.

ஹோஸுக்குள் இருக்கும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். கேஜ் பக்கத்து முனையை ஒரு நொடி தளர்த்தி, 'புஸ்' என்றதும் இறுக்கினால் போதும். காற்று உள்ளே போனால் அது கண்டன்ஸரில் திரவமாகாது. இடத்தை அடைத்துக்கொண்டு, கம்ப்ரஸர் அமுக்கித் தள்ளும் ஹை சைடு அழுத்தத்தை ஏற்றும்.

*

கேனை நிமிர்த்திப் பிடித்தால் ஆவி வரும். கவிழ்த்தால் திரவம் வரும். எஞ்சின் ஓடும்போது, கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்பும் லோ சைடில் ஆவிதான் போக வேண்டும். திரவம் போனால் கம்ப்ரஸர் அதை அமுக்க முடியாமல் உள்வால்வுகள் உடையும். நேரம் மிச்சமாகும் என்று கேனைக் கவிழ்ப்பது, சில நிமிடங்களுக்காக ஒரு கம்ப்ரஸரைப் பணயம் வைப்பது.

*

ஆவி வெளியேற வெளியேறக் கேன் சில்லிட்டு, மேலே பனி பூக்கும். ஆர்-134ஏ கொதிப்பது மைனஸ் 26 டிகிரியில். ஆவியாவதற்கான வெப்பத்தைக் கேனிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கேன் குளிர்ந்தால் அழுத்தம் குறைந்து கேஸ் மெதுவாகும். அப்போது வெதுவெதுப்பான தண்ணீரில் கேனை நிற்க வைக்கலாம். கொதிநீர் கூடாது, 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. நெருப்பு காட்டவே கூடாது. கேன் வெடிக்கும் என்பது ஒரு பக்கம். இந்தக் கேஸ் சுடரில் பட்டால் நச்சான ஹைட்ரஜன் ஃபுளோரைடாக மாறும் என்பது இன்னொரு பக்கம். கேஸ் வேலை நடக்கும் இடத்தில் பீடி, சிகரெட் வேண்டாம். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

*

மறக்கவே கூடாத ஒன்று: எஞ்சின் ஓடும்போது, கேன் மாட்டியிருக்கும்போது, சிவப்பு ஹை சைடு வால்வைத் திறக்கக் கூடாது. வெயில் நேரத்தில் அங்கே 200 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். அது கேனுக்குள் திரும்பிப் பாயும். கேன் கையிலேயே வெடிக்கும். ஆர்-134ஏ வண்டிகளில் லோ சைடு போர்ட் 13 மில்லிமீட்டர், ஹை சைடு போர்ட் 16 மில்லிமீட்டர் என்று வேறு வேறு அளவில் வைத்திருப்பது இந்தத் தவறைத் தடுக்கத்தான். அடாப்டர் போட்டு அந்தப் பாதுகாப்பைக் கெடுக்காதீர்கள்.

*

கேஜைப் பார்த்து அளவு சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எஞ்சின் நின்றிருக்க, வண்டி 35 டிகிரியில் இருந்தால், கேஜில் ஏறக்குறைய 114 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே கேஸ் குறைவாக இருந்தாலும் அதே எண்தான், 450 கிராம் இருந்தாலும் அதே எண்தான். கொஞ்சமாவது திரவம் மிஞ்சியிருக்கும்வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பூசிய சின்ன கேஜ் லோ சைடை மட்டும் காட்டுவது. அது இன்னும் குறைவாகத்தான் சொல்லும்.

எடைதான் உண்மை. கேனை எலக்ட்ரானிக் தராசில் வைத்துக்கொண்டே கேஸ் ஏற்ற வேண்டும். கேஸ் கூடினால் கூலிங் கூடாது; குறையும். மிகுதியான திரவம் கண்டன்ஸரின் அடிப்பகுதியை நிரப்பிக்கொள்ளும், வெப்பம் வெளியேறும் பரப்பு சுருங்கும், ஹை சைடு எகிறும். "இன்னும் ஒரு கேன் போடுங்க" என்று கேட்பது உங்கள் கம்ப்ரஸருக்கு நீங்களே வைக்கும் வேட்டு.

*

உள்ளே எத்தனை கிராம் மிச்சம் என்று தெரியாதபோது மேலே ஊற்றினால் கணக்கு எப்படி வரும்? அதனால்தான் முறையான வேலை, இருக்கும் கேஸை ரெக்கவரி மெஷினில் எடுத்து, லீக்கைச் சரிசெய்து, வேக்கம் போட்டு, ஸ்டிக்கரில் உள்ள எடையை ஏற்றுவது. வேக்கம் பம்ப் அரை மணி நேரமாவது ஓட வேண்டும். அழுத்தம் போதுமான அளவு இறங்கினால், உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் சாதாரண வெப்பநிலையிலேயே கொதித்து வெளியேறும். ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸாகி அடைக்கும்; நாளடைவில் அமிலமாகி உள்ளே அரிக்கும். பம்பை நிறுத்திய பின் முள் நகராமல் நின்றால்தான் கேன் திறக்கலாம். முள் ஏறினால் லீக்கோ ஈரமோ இன்னும் இருக்கிறது.

லீக் தேட நைட்ரஜன் நல்லது, யூவி சாயம் நல்லது, சோப்பு நுரைகூட நல்லது. ஆர்-134ஏவோடு காற்றைக் கலந்து அழுத்திப் பார்ப்பது ஆபத்து. உயர் அழுத்தத்தில் அந்தக் கலவை தீப்பிடிக்கும்.

*

லீக்கை உள்ளிருந்தே அடைக்கும் என்று ஒரு திரவம் கேனோடு சேர்த்து விற்கிறார்கள். ஈரம் பட்டால் அது கெட்டியாகும். எங்கே ஈரமோ அங்கே அடைக்கும். வால்வையும் அடைக்கும், ரெக்கவரி மெஷினையும் கெடுக்கும். வாங்க வேண்டாம். ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் எச்சரிக்கை இன்னும் கூட. அவற்றின் எலக்ட்ரிக் கம்ப்ரஸருக்கு மின்சாரம் கடத்தாத தனி ஆயில். சாதாரண பேக் (PAG) ஆயில் கலந்த கேன் அங்கே கூடவே கூடாது.

*

போலி கேஸ் உயிரையே எடுக்கும். 2011இல் குளிர்சாதனக் கப்பல் கன்டெய்னர்கள் வெடித்து வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் உள்ளே இருந்தது மெத்தில் குளோரைடு. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே பற்றும் பொருளை உண்டாக்குகிறது. கார் ஏசியிலும் அலுமினியம்தான் அதிகம். லேபிள் மங்கிய கேன், சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலைக் கேன் இரண்டையும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

*

இப்போது வானத்தின் கணக்கு. பழைய கார் ஏசி கேஸான ஆர்-12 ஓசோனைத் தின்றது. 1987 மான்ட்ரியல் உடன்படிக்கை அதை வெளியேற்றியது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் நூறாண்டுக் கணக்கில் அதன் வெப்பமூட்டும் திறன் கரியமில வாயுவைப் போல் 1,430 மடங்கு. ஒரு 450 கிராம் கேன் காற்றில் போனால் சுமார் 640 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமம். ஏறத்தாழ 280 லிட்டர் பெட்ரோல் எரித்த கணக்கு. லீக் உள்ள வண்டிக்கு ஆண்டுதோறும் ஒரு கேன் அடிப்பது இதைத்தான் ஆண்டுதோறும் செய்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களில் ஆர்-134ஏ இல்லை. கலிஃபோர்னியாவில் 2010 முதல் சின்ன கேனுக்கு 10 டாலர் முன்பணம். காலி கேனைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும். டேப்பைக் கழற்றியதும் தானே மூடிக்கொள்ளும் வால்வும் அங்கே அப்போதே கட்டாயமானது. 2018 முதல் அமெரிக்கா முழுவதும் புதிய கேன்களுக்கு அதே விதி. துளைக்கும் வகைக் கேனில் டேப்பைக் கழற்றினால் மிச்சம் முழுவதும் காற்றில் போய்விடும். மான்ட்ரியல் உடன்படிக்கையின் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. ஆர்-134ஏ போன்ற வாயுக்களின் பயன்பாடு நம் நாட்டில் 2028இல் உச்சவரம்புக்குள் நின்று, 2047க்குள் 85 சதவீதம் குறைய வேண்டும். தானே மூடும் கேன் நம் கடைகளிலும் கட்டாயமாக வேண்டும்.

*

பட்டறைக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். லீக் எங்கே? வேக்கம் எவ்வளவு நேரம்? எத்தனை கிராம் ஏற்றினீர்கள்? மூன்றுக்கும் பதில் சொல்கிற மெக்கானிக்குக் கூலி கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.