ஒரு டிகிரி மிச்சம்

கோயம்புத்தூருக்கு மோட்டார் பந்தயம் புதிதல்ல. செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர். வண்டி ஓட்டியவர்களைப் பற்றி நிறையப் படித்துவிட்டோம். எஞ்சினுக்குப் பதம் பார்த்துக் கொடுப்பவர்களைப் பார்க்க ஆசைப்பட்டு, நகரத்தில் உள்ள ஒரு டியூனிங் பட்டறைக்குப் போனேன்.

டர்போ பெட்ரோல் கார் ஒன்று, எஞ்சினின் பலத்தை அளக்கும் டைனோ உருளைகளின் மேல் நின்றது. நகராதபடி பட்டைகளால் தரையோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். முன்னால் ஆளுயர மின்விசிறி, புகைக்குழாயில் ஒரு லாம்டா சென்சார். சொந்தக்காரர் கேட்டது இன்னும் கொஞ்சம் பிக்கப்.

பட்டறைக்காரர் முதலில் பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டினார். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூவில் புது ஃபைல் ஏறும்போது வோல்டேஜ் விழுந்தால் அதுவே செத்துவிடலாம். கம்பெனி கொடுத்த ஃபைலை எடுத்துப் பத்திரப்படுத்திய பிறகுதான் மேப்பைத் திறந்தார். திரை முழுக்கக் கட்டங்கள். நெடுக்கில் எஞ்சினின் சுற்று, குறுக்கில் அதன்மேல் விழும் லோடு. ஒரு மேப்பில் எவ்வளவு பெட்ரோல் என்ற எண்கள், இன்னொன்றில் பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்ற எண்கள். கிராங்க் சென்சாரும் காற்றழுத்த சென்சாரும் சொல்வதைக் கேட்டு, இசியூ அந்தந்தக் கணத்துக்குரிய கட்டத்தைப் படித்துக்கொள்கிறது. அதுவும் நிமிடத்துக்கு 6000 சுற்றில் கிராங்க் ஒருமுறை சுற்ற 10 மில்லிசெகண்டுதான். பட்டறைக்காரர் பத்மினி, அம்பாசிடர் கார்களில் தொழில் பழகியவர். அப்போது டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பி வைத்தால் பொறி விழும் டைமிங் மொத்தமாக நகரும். கார்புரேட்டரில் ஜெட் மாற்றினால் பெட்ரோல் மாறும். இன்று ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே தொடலாம்.

பெட்ரோலில் தொடங்கினார். கலப்பில்லாத பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். அந்த நிலைக்கு லாம்டா 1 என்று பெயர். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் எரிபொருளிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கணக்கு சுமார் 13.5க்கு இறங்கும். அதனால்தான் இவர்கள் விகிதத்தைப் பேசாமல் லாம்டாவைப் பேசுகிறார்கள். எந்தப் பெட்ரோலானாலும் 1 என்றால் 1. மிதமாக ஓடும்போது லாம்டா 1இல் நின்றால்தான் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் புகையைச் சுத்தம் செய்யும். முழு ஆக்சிலரேட்டரில் 0.85 அளவுக்கு ரிச்சாக வைக்கிறார்கள். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டை இழுத்துக்கொள்கிறது.

அடுத்து டைமிங். பொறி விழுந்ததும் எல்லாம் ஒரேயடியாக எரிந்துவிடுவதில்லை. தீ பரவ நேரம் பிடிக்கிறது. ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது தள்ளுவதுபோல, பிஸ்டன் உச்சியைத் தாண்டி, கிராங்க் சுமார் 15 டிகிரி சுற்றியிருக்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் முழு பலமும் கிராங்க்குக்குப் போகும். அதற்காகப் பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பொறியை விடுகிறார்கள். ரொம்ப முந்திவிட்டால், தீ இன்னும் எட்டாத கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். அது நீடித்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும்.

பட்டறைப் பையன் எஞ்சின் பிளாக்கில் ஒரு செப்புக் குழாயை போல்ட் போட்டு முடுக்கி, அதிலிருந்து ரப்பர் டியூபைக் காதுக்கவசத்துக்குக் கொண்டுவந்தான். காரில் நாக் சென்சார் இருந்தாலும் இவர்கள் காதையும் வைக்கிறார்கள். நானும் மாட்டிக்கொண்டேன். எஞ்சினின் இரைச்சலுக்கு அடியில், தகரத்தில் சின்னக் கூழாங்கல் விழுவதுபோல ஒரு 'டிக்'. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பட்டறைக்காரர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருந்தார்.

லோடு குறைவான கட்டங்களில் பொறியை ஒவ்வொரு டிகிரியாக முன்னே நகர்த்தினார். எஞ்சினின் சுழற்றும் பலமான டார்க் ஏறி, ஓரிடத்தில் ஏறாமல் நின்றது. அதற்குமேல் தள்ளுவதில் பயனில்லை என்று அங்கேயே விட்டார். முழு லோடில் கதை வேறு. டர்போ அடைக்கும் காற்றில், டார்க் உச்சத்தைத் தொடுமுன்பே நாக்கிங் வந்துவிடுகிறது. அந்த 'டிக்' கேட்ட இடத்திலிருந்து பல டிகிரி பின்னே வந்தார்.

"ஏனுங்ணா, இப்பத்தான் சத்தமே இல்லீங்களே. இன்னும் ஒரு டிகிரி வைக்கலாமுங்களா?" என்றான் பையன்.

"வேண்டாம் கண்ணு. இங்க ஃபேன் ஓடுது. நாளைக்கு இந்த வண்டி நாலு பேரை ஏத்திட்டு வெயில்ல வால்பாறை ஏறும். நீயா கூடப் போகப் போற?"

வால்பாறை மலைப்பாதையின் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் குறைவு, லோடு அதிகம், ரேடியேட்டருக்குக் காற்று போதாது. எங்கோ அடித்த பெட்ரோலின் தரமும் சேர்ந்துகொள்ளும். பார்க்க முடியாத அந்த நாளுக்காக ஒரு டிகிரியை மிச்சம் வைப்பதில்தான் இந்தத் தொழிலின் அறிவு இருக்கிறது என்று நம்புகிறேன். குதிரைத்திறனைக் கூட்டிக் காட்டுவது சுலபம். அது நாளையும் நிலைக்கும்படி செய்ய அனுபவம் வேண்டும்.

கன்வெர்ட்டரைக் கழற்றி, எச்சரிக்கை விளக்கை மேப்பிலேயே அணைத்துக் கொடுப்பவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. இவர் அந்த வேலையைத் தொடுவதில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்ததே நம் மூச்சுக்காகத்தான். சுத்தம் செய்யாத புகையைச் சில குதிரைத்திறனுக்காகத் தெருவில் கொட்டுவது, பின்னால் பைக்கில் வருபவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆகவே, டியூனிங்குக்கு வண்டியை விடுகிறவர்கள் டார்க் கிராஃபோடு திருப்திப்பட்டுவிட வேண்டாம். முழு லோடில் லாம்டா எவ்வளவு, நாக்கிங் எங்கே வந்தது, அங்கிருந்து எத்தனை டிகிரி பின்னே வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கம்பெனி ஃபைலின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல டியூனர் இந்தக் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ள மாட்டார். உங்களையும் பக்கத்தில் உட்காரவைத்துத் திரையைக் காட்டுவார்.