வெடிச் சத்தம் கேட்காத தீபாவளி

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் வாழும் நமக்குப் பட்டாசு என்பது வெறும் வேடிக்கைப் பொருள் அன்று, அன்னமிடும் தொழில். மழை பொய்க்கும் கரிசல் பூமியிலிருந்து 1922-ஆம் ஆண்டில் ஸ்ரீ அய்ய நாடாரும் ஸ்ரீ சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் பிரயாணமாகித் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதன் பின்னர் வளர்ந்ததே நம் பட்டாசுத் தொழில். ஆகையால், தீபாவளியன்று ஓர் ஓலைவெடியும் கொளுத்தாத கிராமங்கள் உண்டென்று கேள்வியுற்றபோது, அவற்றைக் காணும் ஆவல் நமக்கு உண்டானதில் வியப்பில்லை.

அவை வெகு தூரத்திலும் இல்லை. இன்றைய விருதுநகர் ஜில்லாவும் சிவகங்கை ஜில்லாவும் 1985 வரையில் இராமநாதபுரம் ஜில்லாவிலேயே இருந்தவை. மதுரையிலிருந்து மேலூரைத் தாண்டித் திருப்பத்தூருக்குச் செல்லும் மார்க்கத்தில் வேட்டங்குடிப்பட்டியும் கொள்ளுக்குடிப்பட்டியும் இருக்கின்றன. அங்குள்ள கண்மாய்களைச் சர்க்கார் 1977-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 38.4 ஹெக்டேர்தான்.

மார்கழியில் நாம் சென்றபோது, நீரில் நின்ற கருவேல மரங்கள் பூத்துக் குலுங்குவதுபோல் தோன்றின. அருகில் சென்றால் அத்தனையும் பறவைகள்! நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, சாம்பல் நாரை, வக்கா என்று எத்தனை வகை! வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிரம்பியதும் இவை வந்து கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் கலந்த நீர், வயலுக்கு நீரும் எருவுமாகிறது.

தீபாவளி வருவதும் இதே பருவத்தில்தான். ஒரு வெடிச் சத்தம் கேட்டால் தாய்ப்பறவை திடுக்கிட்டுக் கூட்டை விட்டு எழும். காவலற்ற முட்டையைக் காக்கை கொண்டுபோகும். இதை உணர்ந்த ஊரார் தீபாவளிக்கு மட்டுமன்றி, கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்குங்கூட வெடியை விலக்கியிருக்கிறார்கள். வனத்துறையார் தீபாவளி சமயத்தில் இனிப்பு வழங்கி அவர்களைக் கௌரவிக்கிறார்கள்.

இது நம் வட்டாரத்தின் பிழைப்புக்கு விரோதமல்லவா என்று சிலர் கேட்கலாம். நமக்கு அவ்விதம் தோன்றவில்லை. வெடியின் சக்தியை நம்மைவிட அறிந்தவர் யார்? 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி விபத்தில் மாண்டவர்களை நாம் மறக்க முடியுமா? மருந்து கலக்கும் அறையில் எவ்வளவு நிதானம் வேண்டுமென்று நம் தொழிலாளர் அறிவார்கள். அந்த நிதானத்தையே கொள்ளுக்குடிப்பட்டியார் கண்மாய்க் கரையில் கைக்கொள்கிறார்கள். இரண்டொரு கிராமங்கள் வெடிக்காததனால் சிவகாசித் தொழில் நலிந்துவிடாது. வெடித்தால் அவ்வாண்டின் குஞ்சுகள் அழியும்.

கோடியக்கரைக் கடலோரச் சதுப்பு நிலம் 2002-ல் ராம்சார் என்னும் சர்வதேச உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்தது. சட்டமும் உடன்படிக்கையும் அவசியமே. எனினும், காவலர் இல்லாத நள்ளிரவில் கூட்டைக் காப்பது ஊராரின் மனந்தான். மத்தாப்பு கேட்கும் வயதுள்ள குழந்தைகளும் அக்காவலில் பங்கு கொள்கிறார்கள் என்பதை எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது.

மார்கழி, தை மாதங்களில் நேயர்கள் குடும்பத்தோடு அங்கே சென்று வரலாம். கரையில் மெதுவாக நடக்கவேண்டும்; உரக்கப் பேசலாகாது. விருந்தாளி உறங்கும் வீட்டில் எப்படி இருக்கவேண்டுமென்று தமிழருக்குச் சொல்லித் தரவேண்டுமா என்ன?