அறிவிக்கப்படாத ஒரு பெயர்

சென்ற மாதம் என் ஆய்வேட்டின் நான்காம் இயலிலிருந்து ஓர் அட்டவணையை முழுவதுமாக நீக்கினேன். கோட்பாட்டில் பிழையில்லை, நிரலில் ஒரு சொல்லை எழுதாமல் விட்டிருந்தேன்.

நாற்பது தமிழ்ச் சிறுகதைகளில் 'தான்' என்னும் தற்சுட்டுப் பெயரைக் கையால் குறியிட்டு வைத்திருந்தேன். அவற்றை எண்ணுவதற்குப் பெங்களூரு விடுதி அறையில் அமர்ந்து ஜாவாஸ்கிரிப்டில் சிறு நிரல் எழுதினேன். ஒரு கதையை எண்ணுவதற்கு ஒரு செயற்கூறு. எல்லாவற்றையும் கூட்டுவதற்கு ஒரு சுழல். இரண்டிலும் 'டோட்டல்' என்றே மாறிக்குப் பெயரிட்டேன். இரண்டிலும் அதை அறிவிக்கவில்லை.

அறிவிக்காத பெயருக்கு மதிப்பளித்தால் இம்மொழி அதை நிரல் முழுமைக்கும் பொதுவான மாறியாக்கிவிடும். ஆகவே இரண்டு 'டோட்டல்'களும் ஒன்றாயின. ஒவ்வொரு கதைக்கும் செயற்கூறு அதைச் சுழியமாக்கி எண்ணியது. அது தந்த விடையைத் தனியே வாங்கிய சுழல், மீண்டும் அதே மாறியோடு கூட்டியது. நாற்பது கதைகளின் தொகை என்று நான் நம்பியது, கடைசிக் கதையின் எண்ணிக்கையைப் போல் இருமடங்கு மட்டுமே. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. முதற்கதையை நீக்கிய பின்னும் தொகை மாறாதபோதுதான் ஐயம் பிறந்தது.

1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவம் தந்த மொழி இது. அறிவிப்பதற்கு அன்று 'வார்' மட்டுமே இருந்தது. அதன் எல்லை செயற்கூறு முழுவதும். 2009இல் வந்த 'ஸ்ட்ரிக்ட்' முறையை இயக்கியிருந்தால், அறிவிக்காத என் மாறியிலேயே நிரல் நின்றிருக்கும். 2015இல் வந்த 'லெட்', 'கான்ஸ்ட்' இரண்டும் பெயரை அதன் அடைப்புக்குறிக்குள்ளேயே நிறுத்துகின்றன. 'கான்ஸ்ட்' மறுமதிப்பீட்டையும் தடுக்கிறது.

இதில் எனக்கு வெட்கம் தருவது வேறொன்று. 'தான் தேறியதாகக் குமரன் கண்ணனிடம் சொன்னான்' என்றால் தேறியவன் குமரன். 'அவன் தேறியதாக' என்றால் கண்ணனாகலாம், மூன்றாமவனும் ஆகலாம். ஒரு பெயர் எதுவரை சென்று யாரைச் சுட்டும் என்பதே என் ஆய்வு. அக்கேள்வியை என் நிரலிடம் நான் கேட்கவில்லை.

அந்த எண்ணைத் தாங்கிய ஆய்வுச்சுருக்கம் ஏற்கெனவே ஒரு கருத்தரங்குக்குச் சென்றிருந்தது. திருத்தக் கடிதம் எழுதினேன்; நான்கு வரிதான், இரண்டு நாளாயிற்று. இப்போது ஒவ்வொரு நிரலையும் 'ஸ்ட்ரிக்ட்' முறையில் தொடங்குகிறேன். கையால் எண்ணிய மூன்று கதைகளைக் கொண்டு சரிபார்த்த பின்னரே மற்றவற்றைத் தருகிறேன். அட்டவணையோடு நிரலையும் நெறியாளரிடம் காட்டுங்கள், நண்பர்களே. எண்கள் தாமாகப் பிழையைச் சொல்வதில்லை.