ஆளில்லாத் திரைக்கு ஒளி எதற்கு?

பெயரைக் கண்டு பொருளை நம்பிவிடுதல் மனித இயல்பு. 'ஸ்கிரீன் சேவர்' என்றொரு பெயர் இன்று எமது வீடுகளில் வழங்குகின்றது. தமிழிலே அதனைத் திரைக்காப்பு என்பர். கணனியைச் சிறிது நேரம் தொடாதிருந்தால் திரையிலே மீன்கள் நீந்துவதும், குமிழிகள் மிதப்பதும், குடும்பப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போவதும் அதன் திருவிளையாடல்கள். காப்பு என்று பெயர் பூண்டிருப்பதால், அது திரையைக் காக்கின்றது என்றும், மின்சாரத்தை மீதப்படுத்துகின்றது என்றும் எம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். இன்றைய திரைகளைப் பொறுத்த வரையில் இவ்விரண்டும் பெரும்பாலும் உண்மையல்ல.

ஒரு காலத்தில் அது மெய்யாகவே காவல் புரிந்தது என்பதை மறுப்பதற்கில்லை. பெட்டி போன்றிருந்த பழைய மொனிற்றர்களில், கண்ணாடியின் உட்புறத்தே பொஸ்பர் என்னும் ஒளிரும் பூச்சு இருந்தது. இலத்திரன் கற்றை அதன்மேற் பட்டபோது எழுத்துந் தோன்றிற்று, படமுந் தோன்றிற்று. ஒரே எழுத்து ஒரே இடத்தில் நாட்கணக்காக நின்றால், அவ்விடத்துப் பூச்சு ஏனைய இடங்களைக் காட்டிலும் விரைவாகத் தேய்ந்துவிடும். பின்னர் மொனிற்றரை நிறுத்தினாலும் அவ்வெழுத்தின் வடு மங்கலாகத் தெரிந்துகொண்டேயிருக்கும்.

இதற்குப் பரிகாரமாக, 1983ஆம் ஆண்டு மார்கழியில் ஜோன் சோக்கா என்பவர் 'சொஃப்ற்ரோக்' என்ற அமெரிக்கச் சஞ்சிகையிலே, ஐ.பி.எம். கணனிக்கென ஒரு சிறு நிரலை வெளியிட்டார். மூன்று நிமிடங்களுக்கு எவரும் விசைப்பலகையைத் தொடாவிடின் அந்நிரல் திரையை இருளாக்கிவிடும். மீனுமில்லை, குமிழியுமில்லை, வெறும் இருள். கோலங்கள் பின்னரே வந்தன. 1989இல் வெளியான 'ஆஃப்ரர் டார்க்' என்னும் மென்பொருளிலே, சிறகு முளைத்த பாண் வாட்டும் கருவிகள் திரை முழுவதும் பறந்து உலகெங்கும் புகழ் பெற்றன. அன்று தொட்டுக் காவற்காரன் கூத்தாடியுமானான்.

காலம் மாறிற்று. 1992இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 'எனர்ஜி ஸ்ரார்' என்ற திட்டத்தைத் தொடங்கிக் கணனிகளையும் மொனிற்றர்களையும் சிக்கனத்துக்குப் பழக்க முற்பட்டது. மறு ஆண்டிலே, கணனி ஆணையிட்டால் மொனிற்றர் தானே உறங்குவதற்கான பொது விதியொன்று வகுக்கப்பட்டது. பின்னர் மெல்லிய எல்.சி.டி. திரைகள் வந்தன. இவற்றிலே தேய்வதற்குப் பொஸ்பர் திரையில்லை. பின்னாலிருந்து ஒரு விளக்கு எரிகின்றது, முன்னாலுள்ள திரவப் பளிங்குப் படலம் அவ்வொளியை வழிவிடுகின்றது அல்லது மறைக்கின்றது. ஆகவே திரைக்காப்பு கன்னங்கரிய படத்தைக் காட்டினாலுங்கூட, பெரும்பாலான திரைகளிற் பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வர்ணக் கோலம் காட்டினாலோ, கணனியின் மூளையும் வீணே உழைக்கின்றது. 'ஓலெட்' என்னும் புதுவகைத் திரைகளில் மட்டும் பழைய வடு நோய் ஓரளவு மீண்டும் தலைகாட்டுகின்றது. அவற்றுக்கும் ஆடும் படத்திலும் அணைந்த திரையே சிறந்த காப்பு.

இவ்வளவும் அறிந்த பின்னர், வகுப்பிலும் அயலிலும் எம்மிடம் கொண்டுவரப்படும் முறைப்பாடுகளுக்கு விடை காண்பது எளிது. ஒரு கணனிக்குள் மூன்று மணிக்கூடுகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று திரைக்காப்பை அழைப்பது. மற்றொன்று மொனிற்றரை அணைப்பது. மூன்றாவது கணனியையே உறங்கவைப்பது. மூன்றும் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு நிமிடங்களுக்கு வைக்கப்படுவன. முதலாவதை 'ஸ்கிரீன் சேவர்' என்று தேடியும், ஏனைய இரண்டையும் 'செற்றிங்ஸ்' பகுதியிலே 'சிஸ்டம்', அதனுள்ளே 'பவர்' என்று சென்றும் காணலாம். ஒன்றை மாற்றிவிட்டு மற்றொன்று மாறவில்லையே என்று வருந்துவதே பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர்.

"மீன்கள் வருவதேயில்லை, சேர்" என்று ஒரு மாணவன் முறையிட்டான். பார்த்தால், மொனிற்றர் அணைய ஐந்து நிமிடம். திரைக்காப்பு வரப் பத்து நிமிடம். மீன்கள் வந்தாலும் இருளிலேதான் நீந்தும்!

இதற்கு நேர்மாறான முறைப்பாடு, திரை அணைவதேயில்லை என்பது. காணொளியோ, இணையவழி வகுப்புச் செயலியோ பின்னணியில் திறந்திருந்தால், "அணையாதே" என்று அது கணனிக்கு ஆணையிட்டுக்கொண்டிருக்கும். செயலிகளை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். அதுவும் பயன் தராவிடின் சுட்டியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஒளியால் இயங்கும் சுட்டி, மினுங்கும் மேசையில் இருந்தாலும், சுழலும் மின்விசிறியால் மேசை அதிர்ந்தாலும், யாரோ அதனை அசைப்பதாகக் கணனிக்குச் சொல்லிவிடும். அதன் கீழே ஒரு தடித்த துணியை விரித்தாற் போதும்.

மூன்றாவது முறைப்பாடு மடிக்கணனி வைத்திருப்போருடையது. திரையிலே கடந்தகால வினாத்தாளை வைத்துப் படித்துக்கொண்டிருக்கையில், அடிக்கடி இருண்டுவிடுகின்றது என்பர். மின்வெட்டு வேளையிலேதான் இது பெரும்பாலும் நேரும். மடிக்கணனியில் மின்சாரம் உள்ளபோது ஒரு கணக்கு, பற்றரியில் ஓடும்போது வேறொரு கணக்கு. மின்சாரம் நின்ற அக்கணமே அது சிக்கனக் கணக்குக்கு மாறிவிடுகின்றது. கருவி பழுதாகவில்லை, வேண்டுமாயின் பற்றரிக்குரிய நிமிடங்களைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

நான்காவது, இருண்ட திரை மீண்டும் விழிக்க மறுப்பது. இவ்விடத்திலே பொறுமை வேண்டும். உடனே ஆளியை நிறுத்திவிடலாகாது. முதலில் விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்திச் சில விநாடி காத்திருங்கள். பின்னர் மொனிற்றரின் சிறு விளக்கைப் பாருங்கள். விளக்கே இல்லையெனில் அதற்கு மின்சாரம் வரவில்லை. பல மொனிற்றர்களில் அது செம்மஞ்சளாக எரியுமாயின், மொனிற்றர் நலமே. கணனியிலிருந்து சைகை வரவில்லை என்பதே பொருள். வயரின் இரு முனைகளையும் அழுத்திப் பொருத்துங்கள். விண்டோஸ் கணனியாயின், விண்டோஸ், கொன்ரோல், ஷிஃப்ற் ஆகிய மூன்று விசைகளையும் பிடித்துக்கொண்டு 'பி' எழுத்தை அழுத்தினால், படத்தை அனுப்பும் பகுதி மாத்திரம் புதிதாகத் தொடங்கும். திறந்திருந்த வேலை அழியாது.

இத்தனை சிறிய காரியத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று சிலர் வினவக்கூடும். எமது குடாநாட்டிலே ஒளி என்பது என்றுமே சிறிய காரியமாக இருந்ததில்லை. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் போர் மீண்டும் மூண்ட பின், யாழ்ப்பாணத்தார் ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றி வாழ்ந்தனர். சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள்ளே சிறிது பஞ்சையும் சிறிது மண்ணெண்ணெயையும் இட்டுத் திரி கொளுத்திப் படித்தோம். எமது வீட்டில் அரிக்கன் லாம்பு ஒன்றும் இருந்தது. படிப்பவர் எழுந்து குசினிப் பக்கம் போனால், திரும்பி வருவதற்குள் எமது தாயார் அதன் திரியைத் தாழ்த்திவிடுவார். "ஆருக்குப் பிள்ளை எரியுது?" என்பதே அவர் கேட்கும் கேள்வி. கோவிலிலே தூண்டாமணி விளக்கு இடையறாது எரியும். அது தெய்வ சந்நிதிக்குரியது. வீட்டு விளக்குக்கு எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்தக் கேள்வியையே இன்று நாம் கணனித் திரையைப் பார்த்தும் கேட்கின்றோம்.

கணக்கும் பார்ப்போம். சாதாரண எல்.சி.டி. மொனிற்றர் ஏறத்தாழ 20 உவாற்று மின்சாரம் உண்ணும். எவரும் பாராமல் அது நாளொன்றுக்கு 10 மணித்தியாலம் எரிந்தால், 200 உவாற்று மணி. மாதமொன்றுக்கு 6 அலகு. உறங்கும்போதோ அது உண்பது ஓர் உவாற்றிலுங் குறைவு. ஒரு கல்லூரிக் கணனிக் கூடத்தில் 40 மொனிற்றர்கள் இருப்பின், மாதத்துக்கு 240 அலகு வீணாகும். எமது நாட்டிலே கட்டணம் அடுக்கு முறையிலானது. அலகு கூடக் கூட, ஓர் அலகின் விலையும் ஏறும். 2022 ஆவணியிற் கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 மாசியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தபோது, சிட்டையைக் கையில் வாங்கிய குடும்பத் தலைவர்கள் வீட்டிலுள்ள ஒவ்வோர் ஆளியையும் எண்ணிப் பார்த்தனர். பின்னர் கட்டணம் குறைக்கப்பட்டதுமுண்டு. ஆயினும் அன்று கற்ற பாடத்தை மறந்துவிட வேண்டியதில்லை.

பணத்தினும் பெரிதான இழப்பு ஒன்றுண்டு. 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில், நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அந்நாட்களில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, தன் செயற்றிட்டத்துக்குரிய நிரலை வீட்டு மேசைக் கணனியிலே இரண்டு மணி நேரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். சாப்பிட எழுந்து போனாள். திரும்பிப் பார்த்தபோது திரை இருண்டிருந்தது. கணனி தானே எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி ஓய்ந்துவிட்டது என்று எண்ணி, அவளும் படுக்கச் சென்றாள். இரவிலே மின்சாரம் நின்றது. மறுநாள் வகுப்பிலே, "எல்லாம் போயிட்டுது, சேர்" என்றாள். அழவுமில்லை, அதுவே எமக்கு அதிக வருத்தத்தைத் தந்தது. மின்வெட்டுக்கு எடுபட்ட மாலைகள் போக, வாரத்திற் படிப்பதற்கென அவளுக்கு மிஞ்சியிருந்தது சில மணி நேரமே. அதில் இரண்டு போயிற்று.

அவளுக்குக் கூறிய விளக்கத்தையே ஈண்டும் கூறுகின்றோம். திரையின் இருள் மூன்று நிலைகளைக் குறிக்கலாம். மொனிற்றர் மட்டும் அணைந்து கணனி விழித்திருக்கலாம். கணனி 'சிலீப்' என்னும் உறக்கத்தில் இருக்கலாம். அப்பொழுது செய்த வேலை அனைத்தும் தற்காலிக நினைவகத்திலேயே நிற்கும், அந்நினைவகத்தைச் சிறிதளவு மின்சாரமே உயிரோடு வைத்திருக்கும். மின்சாரம் நின்றால் நினைவும் போம். மூன்றாவது நிலை 'ஹைபர்நேற்' என்பது. இதில் வேலை முழுவதும் வன்தட்டிலே எழுதப்பட்ட பின்னரே கணனி நிற்கும். மின்சாரம் நாட்கணக்கில் இல்லாவிடினும் கேடில்லை. சில மேசைக் கணனிகளில் உறங்கும்போதே வன்தட்டிலும் ஒரு பிரதி எழுதும் கலப்பு முறை உண்டு. எல்லாவற்றிலும் உண்டு என்று நம்பியிருத்தல் ஆகாது. பற்றரி கிழடாகிய மடிக்கணனியும் இவ்விடயத்தில் மேசைக் கணனிக்கு ஒப்பானதே.

மின்வெட்டுக் காலம் போய்விட்டதே என்பார்க்கு ஒன்று சொல்வோம். 2025 மாசி 9ஆம் நாள், ஒரு ஞாயிறு முற்பகலிலே, நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்திலே ஒரு குரங்கு மின்மாற்றியிற் பட்டதே காரணம் என்று அமைச்சர் அறிவித்தார். எங்கோ தென்கரையில் ஒரு குரங்கு கை வைத்தால், வடகரையில் ஒரு பிள்ளையின் கட்டுரை அழியக்கூடும் என்பதே இன்றைய உலக அமைப்பு!

ஆகவே, குடும்பத்தாருக்கும் மாணவருக்கும் நாம் சொல்லக்கூடியது இதுதான். மொனிற்றர் ஐந்து நிமிடத்தில் அணையுமாறு வையுங்கள். மேசையை விட்டு எழுமுன், கொன்ரோல் விசையோடு 'எஸ்' எழுத்தை அழுத்தி வேலையைச் சேமியுங்கள். நெடுநேரம் வாராதிருப்பதாயின், கணனியை முறைப்படி நிறுத்துங்கள், அல்லது ஹைபர்நேற் நிலைக்கு அனுப்புங்கள். அச்சொல் பட்டியலிற் காணப்படாவிடின், கொன்ரோல் பனலிலுள்ள 'பவர் ஒப்ஷன்ஸ்' பகுதியிலே அதனை வெளிக்கொணரலாம். அதனை ஏற்காத கணனிகளும் சிலவுண்டு. பலர் புழங்கும் கணனியாயின் திரைக்காப்புக்கு ஒரேயொரு நல்ல தொழில் எஞ்சியிருக்கின்றது: திரும்பி வருபவரிடம் கடவுச்சொல் கேட்குமாறு அதனை அமைத்துவிடலாம். அப்பொழுது அது திரையையன்றி, உங்கள் கடிதங்களையும் கணக்குகளையும் காக்கும்.

இன்று ஞாயிறு, பிள்ளைகள் வீட்டில் இருப்பர். அவர்களையே அருகில் அழைத்து, அந்த மூன்று மணிக்கூடுகளும் எங்கே இருக்கின்றன, எத்தனை நிமிடத்துக்கு வைக்கப்பட்டுள்ளன என்று காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. மாற்ற வேண்டியதை அவர்கள் கையாலேயே மாற்றச் செய்யுங்கள். அடுத்த சிட்டை வரும்போது அலகுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பையும் அவர்களிடமே விட்டுவிடலாம்.