இரவல் வீட்டில் ஒரு பயணம்

அமெரிக்காவில் வசிக்கும் என் தங்கையின் குடும்பத்தாரோடு 2018 ஆகஸ்ட் விடுமுறையில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஐயோவா மாநிலத்தின் சீடர் ரெப்பிட்ஸ் நகரில் 1934-இல் கட்டப்பட்ட பள்ளிவாசலைப் பார்க்க ஆசைப்பட்டேன். மச்சான் தன்னோடு வேலை செய்யும் கிறிஸ்தவ நண்பரிடம் ஓர் இழுவை வீட்டை இரவல் வாங்கினார். மிச்சிகனிலிருந்து பிள்ளைகளோடு புறப்பட்டோம்.

படுக்கையறை, குசினி, குளியலறை யாவும் சக்கரத்தின் மேல் அமைந்த வீடு அது. கொழும்புத் துறைமுக வீதியில் கொள்கலன்களை இழுத்துச் செல்லும் வாகனங்களைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான். வீட்டின் முன்புறம் கீழ்நோக்கி நிற்கும் இரண்டு அங்குல விட்டமுள்ள உருக்கு முளை, இழுக்கும் வாகனத்தின் சாமான் தட்டில் உள்ள இரும்புத் தாடைக்குள் மாட்டிக்கொள்ளும். முன்பாரத்தைத் தாங்குவது அந்த இணைப்புத்தான்.

முதல் இரவு இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகருக்கு அருகே தங்கினோம். அமெரிக்காவின் இழுவை வீடுகளில் பெரும்பாலானவை அந்த வட்டாரத்திலேயே செய்யப்படுகின்றன. அதே வீதிகளில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் குதிரை வண்டியில் போகிறார்கள். தலையை மறைத்து நீண்ட ஆடை அணிந்த அவர்களது பெண்களைக் கண்ட என் மருமகள், "மாமா, இவங்களும் நம்மளப் போலதான்" என்று வியந்தாள்.

மறுநாள் சுபஹுக்குப் பின் மச்சான் வீட்டை மாட்டினார். தாடை முளையைச் சரியாகக் கவ்வவில்லை. அதைக் கவனியாமல் முன்கால்களை உயர்த்தி வாகனத்தை நகர்த்தியதும், வீடு வழுக்கி முன்புறம் 'தடால்' என்று சாமான் தட்டின் பக்கச் சுவர்களில் விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் காயமில்லை. பக்கச் சுவர்கள் நசுங்கின.

"நம்மட வாகனத்துக்குத்தானே சேதம். தூக்கி மாட்டிட்டுப் போவோம்" என்றார் மச்சான். தங்கை விடவில்லை. "வீடு நம்மடதா? முழுக்கப் பார்க்காம ஓர் அடியும் போகக்கூடாது. நானா, நீங்களும் சொல்லுங்க."

சக்கரங்களின் இருபுறமும் கட்டை வைத்து, முன்புறத்தை முட்டுக்கொடுத்து உயர்த்தினோம். பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்தி, சமையல் வாயுவை மூடினோம். பிறகு டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முளை நேராக நின்றது. முன்கால்கள் வளையவில்லை. வெளிச்சுவரில் சுருக்கமோ வீக்கமோ இல்லை. வாயுக் குழாயின் இணைப்புகளில் சவர்க்கார நீர் பூசி, வாயுவைச் சற்றுத் திறந்தோம். குமிழி வரவில்லை. ஆனால் உள்ளே சென்ற தங்கை, நேற்றுவரை இலகுவாக மூடிய கதவு இன்று உரசுகிறது என்றாள்.

சட்டம் அசைந்திருக்கலாம் என்று மீண்டும் கீழே பார்த்தோம். முளையைத் தாங்கும் கை சட்டத்தோடு ஒட்டப்பட்ட இடத்தில், நிறப்பூச்சில் தலைமயிர் போல ஒரு கோடு! அழைத்த மெக்கானிக் பூச்சைச் சுரண்டி, சிவப்புத் திரவம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவினார். வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு எழுந்தது. பூச்சில் மட்டுமல்ல, இரும்பிலேயே வெடிப்பு. பெருந்தெருவில் அது பிளந்திருந்தால் எங்கள் நிலை மட்டுமல்ல, பின்னால் வருவோரின் நிலையும் என்ன?

மச்சான் தயங்காமல் நண்பருக்குத் தொலைபேசியில் உள்ளதைச் சொன்னார். அவர் முதலில் விசாரித்தது பிள்ளைகளைத்தான். செலவை வேண்டாமென்றும் மச்சானே கொடுத்தார். நமது ஷாஃபிஈ மத்ஹபில், அனுமதித்த பாவனையால் ஏற்படும் தேய்மானம் தவிர்ந்த சேதத்துக்கு இரவல் வாங்கியவரே பொறுப்பு. ஹுனைன் போருக்காக ஸஃப்வான் இப்னு உமையாவிடம் கவசங்களை இரவல் பெற்ற நபி (ஸல்) அவர்களும் அவற்றுக்குப் பொறுப்பேற்றே பெற்றார்கள். அப்போது ஸஃப்வான் இஸ்லாத்தை ஏற்றிருக்கவுமில்லை.

வீட்டைப் பட்டறையில் விட்டு, 500 கிலோமீற்றருக்கு மேல் வாகனத்தில் மட்டும் போனோம். சீடர் ரெப்பிட்ஸில் சிறிய, எளிய பள்ளிவாசல். இடையில் கைமாறிப் பழுதடைந்திருந்ததை 1990களின் தொடக்கத்தில் முஸ்லிம்கள் மீட்டுத் திருத்தியிருக்கிறார்கள். அங்கே இரண்டு ரக்அத் தொழுதோம்.

சகோதரிகளே! கல்யாணத்துக்கு நகையும், கந்தூரிக்குச் சட்டியும் நாம் இரவல் வாங்குகிறோம். திருப்பிக் கொடுக்குமுன் கொக்கியையும் கைப்பிடியையும் ஒருமுறை பாருங்கள். உடையவர் காணாத வெடிப்பை நாமே கண்டு சொல்வதுதான் அமானிதம்.