அப்பாவும் 735 ஜூலும்

ப்ளஸ் ஒன் பிசிக்ஸ் ஞாபகம் இருக்கா பாஸ்? விசையும் நகர்வும் செங்குத்தா இருந்தா, செய்த வேலை பூஜ்யம். தோளில் மூட்டையோட சமதரையில் ஒரே சீரா நடக்கிறவர், அந்த மூட்டை மேல் செய்யும் வேலை? அதுவும் பூஜ்யம்தான்! பரீட்சையில் இதை எழுதி முழு மார்க் வாங்கினவன் நான். எங்கப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குறவர்.

அன்னிக்கு ராத்திரி அவர் தோளுக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டே மனக்கணக்குப் போட்டேன். 50 கிலோ மூட்டையை ஒன்றரை மீட்டர் உயர்த்தினா சுமார் 735 ஜூல். அப்புறம் லாரி வரைக்கும் நடந்ததுக்கு? சைபர். அப்போ இந்த வலி எங்கிருந்து வந்துச்சு?

பதில் தசையில் இருக்கு. மூட்டையை மேஜை மேல் வச்சா, மேஜைக்கு ஒரு செலவும் இல்லை. தசை அப்படியில்லை. சும்மா தாங்கி நிற்கவே அதன் இழைகள் மாறி மாறி இறுகித் தளரணும். அதுக்குச் சாப்பிட்ட சாப்பாடு எரியுது, உடம்பு சூடாகுது, வியர்வை கொட்டுது. சூத்திரம் சரிதான் பாஸ். ஆனா அது மூட்டையோட கணக்கு. சுமக்கிறவர் கணக்கு அதில் வராது.

அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். சிரிச்சார்.

"இதை எங்க முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதப்பா. நடந்ததுக்கு உண்டான கூலியைப் பிடிச்சுக்குவாரு!"