மைக் டெஸ்டிங்

ஆண்டுவிழாவில் மைக்செட் பொறுப்பு ஏற்கும் ஆசிரியர்களுக்கு ஒரு விஷயம்.

மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் மேலே ‘கெயின்’ என்றொரு திருகு உண்டு. கீழே தள்ளுகிற ஃபேடரைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் குரல் மிக்சருக்குள் நுழையும் வாசல் கெயின்தான். அங்கே அளவு மீறி சிவப்பு விளக்கு எரிந்தால் குரல் கரகரக்கும். பிறகு ஃபேடரை இறக்கினால் சத்தம் குறையுமே தவிர கரகரப்பு போகாது.

மைக்செட்காரர் “ஹலோ, ஒன், டூ, த்ரீ” என்று கணீரென்று சொல்லி அளவு வைத்துவிட்டுப் போய்விடுவார். மேடையேறுவதோ ஐந்தாம் வகுப்புப் பிள்ளை! மூன்று வாரம் மனப்பாடம் செய்த பேச்சு முதல் வரிசையைத் தாண்டாது.

நான் பணியில் இருந்தவரை, பேசப்போகும் பிள்ளையையே காலையில் மைக் முன் நிறுத்தி நான்கு வரி முழுக்குரலில் சொல்லச் சொல்வேன். உரத்துச் சொல்லும் இடத்திலும் சிவப்பு எரியாதபடி கெயின் வைக்க வேண்டும். மெல்லிய குரல் என்று கெயினை ஏற்றிக்கொண்டே போனால் ஸ்பீக்கர் ‘கீ’ என்று ஊளையிடும். அதைவிட ஸ்டாண்டை இறக்கி மைக்கை வாயருகே கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் கூடும். (தலைமை விருந்தினர் உயரத்திலேயே ஸ்டாண்டை விட்டுவிடும் வழக்கம் எனக்கு ஆகாது.)

வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் அப்படித்தான் ஒரு வருடம் பேசினாள். பந்தலின் கடைசியில் நின்ற அவள் அம்மா, “எல்லாம் கேட்டுச்சு சார்” என்றார்.